ஒல்லிக்கால் நாலு

பிப்ரவரி 26

அண்ணனுக்கு,

நீ ஃபோனை எடுக்க மாட்டாய் என்று புரிந்துவிட்டது. நேற்று மட்டும் ஆறு முறை கூப்பிட்டேன். ஆறாவது முறை மணி அடித்து முடிவதற்குள் நீயே துண்டித்தாய். அதாவது ஃபோன் உன் கையில்தான் இருந்தது. கடிதத்தைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் படும் என்று எழுதுகிறேன்.

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று, முன்னறையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, நீ சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாய். "எல்லாரும் பாத்துக்குங்க. என் தங்கச்சி டிசைன் பண்ணினது. எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்றாய். யாரும் கையை நீட்டவில்லை. அத்தைதான், "இப்ப எதுக்குடா இது?" என்றாள். நீ அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய், சுத்தமாக இருந்த உன் ஸ்கூல் வேனைத் துடைக்க ஆரம்பித்தாய். நான் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் கிளம்பியது தப்புதான்.

அந்த அட்டையால் என்ன ஆனது? இதுவரை என்னிடம் யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வீட்டு வழி மறக்க ஆரம்பித்தபோது, "தொலைஞ்சா யாராவது எனக்கு ஃபோன் பண்ற மாதிரி ஒரு அட்டை செஞ்சு குடு, சட்டைப்பையில வெக்கணும்" என்று கேட்டாய். முகவரி போட்டால் திருடனுக்கு வசதி என்று அவர் பெயரும் உன் நம்பரும் போதும் என்றாய். செய்து அனுப்பினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஏதோ ஒன்று பாதி தெரிகிறது. மீதியை நீ சொல்.

இன்னொன்றும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்பா தவறி விழுந்த அந்தக் கட்டிடத்தில் எதற்குப் படியேறினார்? லிஃப்ட் ஓடும் இடத்தில், வேலை நேரம் தவிர, அவர் படியில் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. "நான் மாட்டின லிஃப்ட் கயித்தை நானே நம்பலைன்னா வேற எவன் நம்புவான்?" என்பார்.

வேளைக்குச் சாப்பிடு.

தங்கச்சி


மார்ச் 9

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியிருக்கிறாய். இனி எழுதுவதாக இருந்தால் கையால் எழுது. அச்செழுத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

மீதியைக் கேட்டாய். சொல்கிறேன்.

அன்று காலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வேனை எடுத்தேன். எப்படித் திறந்தார் என்று கேட்காதே. நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காகக் கதவு திறந்த மனிதருக்கு நம் வீட்டுக் கதவு ஒரு பொருட்டா? மார்க்கெட் பக்கம் ஆறு மாடிக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. கீழ்த்தளத்தில் பல் ஆஸ்பத்திரி. அங்கே போய், "லிஃப்ட் கடைசியா எப்ப சர்வீஸ் ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். வரவேற்பில் இருக்கும் பெண் நல்லவள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பையில் இருந்த அட்டையைப் பார்த்து ஃபோன் போட்டிருக்கிறாள். யாரோ ஒரு வயதானவர் எடுத்து, "தப்பான நம்பர்மா" என்றாராம். நாலு தடவை போட்டாளாம். நாலு தடவையும் அவரே. பிறகு யாரோ பல்வலி என்று வந்து நிற்க, இவள் திரும்பிப் பார்ப்பதற்குள் நாற்காலி காலி. வாசல் வழியாகப் போயிருப்பார் என்று தெருவில் தேடியிருக்கிறாள்.

அவர் தெருவுக்குப் போகவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் பெருக்க வந்தவர் மூன்றாவது மாடிப் படித்திருப்பத்தில் அவரைப் பார்த்தார். எல்லாரும் லிஃப்ட்டில் போகிற கட்டிடத்தில் படியை யார் பார்ப்பார்கள்? தலையில் அடி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?" மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அந்த மூன்று நாளில்தான் நீ வந்து சேர்ந்தாய்.

அவள் ஃபோன் போட்ட நேரம் பதினொன்று இருபது. பதினொன்று இருபதுக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? மூன்று தெரு தள்ளி. வேனில் அவரைத் தேடிக்கொண்டு, ஃபோனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெண் வந்தாள். "சார், நீங்களே பாருங்க, இது ஒண்ணுதானே?" என்று அட்டையை நீட்டினாள். என் நம்பரில் இரண்டு நாலு இருக்கிறது. இரண்டும் அதில் ஒன்றாக நின்றது. வெறும் குச்சி. அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். கேட்கும் நிலையில் நான் இல்லை. அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுத்து வரைவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நீ. உன் நாலு ஒன்றாகும் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்கு மட்டும் பதில் எழுது.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

தெரியும்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். கையால் எழுதச் சொன்னாய். என் கையெழுத்து இவ்வளவு மோசமாகிவிட்டது என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் ஒன்றரை வருடமாக வரைந்தது தலைப்புகளுக்கான ஓர் எழுத்துரு, ஃபான்ட். அதில் நிற்கிற கோடெல்லாம் தூண் மாதிரி தடித்திருக்கும்; படுக்கிற கோடும் சாய்கிற கோடும் தலைமுடி கனத்துக்கு இருக்கும். கோடு முடியும் இடத்தில் மெல்லிய தட்டைப் பாதம் ஒன்று வரும், செரிஃப் என்போம். தடிமனுக்கும் மெலிவுக்கும் இடையே உள்ள அந்தத் தூரம்தான் அதன் அழகு முழுக்க. ‘ப’ எழுதினால் இரண்டு கறுப்புத் தூண்கள் நிற்கும், அடியில் ஒரு நூல் அவற்றைக் கட்டிப் போட்டிருக்கும். பெரிதாகப் போட்டால் மூச்சு நின்றுவிடும். நாடக விளம்பரம், பத்திரிகை அட்டை, வாசனைத் திரவியப் பெட்டி, நகைக்கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றுக்காகப் பிறந்த எழுத்து. சின்னதாகப் போட்டால் நூல் அறுந்துவிடும். தூண்கள் மட்டும் மிஞ்சும். நாலில் தடித்த கோடு ஒன்றே ஒன்று, நடுவில் நிற்பது. மற்ற இரண்டும் நூல். அவை போனால் அது ஒன்று.

இது எங்கள் ஆபீஸில் டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். எனக்குப் பக்கத்து மேசைக்காரி இந்த எழுத்தைத்தான், "உன் பொண்ணு மேடையில மட்டும்தான் நல்லா பாடுவா, வீட்டுக்குள்ள விடாத" என்று கிண்டல் செய்வாள். அப்படியிருந்தும் அட்டையில் அதைத்தான் போட்டேன். "இவர் வழி தவறியிருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்" என்ற வரிக்குச் சாதாரண எழுத்து. பெயருக்கும் நம்பருக்கும் மட்டும் என்னுடையது. ஏன் என்று கேட்பாய். அந்த எழுத்தில் முதன்முதலாக அச்சாகும் பெயர் அப்பாவுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை.

அனுப்புவதற்கு முன் வீடியோ காலில் அப்பாவிடம் காட்டியபோது கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். "எழுத்தெல்லாம் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு நிக்குதே!" என்றார். அப்புறம் நம்பருக்கு வந்தார். "இந்த நாலுதான் ஒரு தூணும் ரெண்டு ஒல்லிக்காலுமா நிக்குது. காத்தடிச்சா விழுந்துடும், வாலு" என்றார். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

வழி மறந்த மனிதருக்கு அது கண்ணில் பட்டது.

எழுத்தை அடுத்த மாதம் வெளியிடுவதாக இருந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்த அட்டையை எனக்கு அனுப்பி வை. பார்க்க வேண்டும். நான் அச்சடித்தது தபால் கார்டு அளவு. நம்பர் மட்டுமே என் கட்டைவிரல் நகத்தின் உயரம். அந்த அளவில் நூல் அறுந்திருக்கக்கூடாது. நீ மேசைமேல் போட்டபோது அட்டை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. நான் தூரத்தில் நின்றிருந்தேன், அதனால் இருக்கலாம்.

தங்கச்சி


மே 22

தங்கச்சிக்கு,

உன் கடிதம் இரண்டு மாதமாக வேன் டாஷ்போர்டில் கிடக்கிறது. ஸ்கூல் லீவு விடும் வரை ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று தினமும், "அங்கிள், இதை எப்ப படிப்பீங்க?" என்று கேட்டது. படித்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்றது.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். நீ தூரத்தில் நின்றதால் அல்ல. அது சின்னதுதான்.

நீ அனுப்பியது பைக்குள் போகவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கழுத்தில் மாட்டிவிட்டேன். ஒரு மணி நேரம்கூட இல்லை, கழற்றி எறிந்தார். "நான் என்ன லக்கேஜா, சீட்டு கட்டி விடறதுக்கு?" என்றார். உன்னிடம் திரும்பக் கேட்டிருக்கலாம். நீ பிஸி. எனக்கும் ஒரு வீம்பு: இதுக்குக்கூடவா இவளைக் கேட்பது என்று. ஸ்கூல் எதிரே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, கால்வாசியாகச் சுருக்கச் சொன்னேன். பத்து நகல். எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டைக்கு ஒன்றாக வைத்தேன். கடைக்காரர், "கொஞ்சம் மங்கலா வருதே, பரவாயில்லையா?" என்று கேட்டார்.

நான் பார்த்தேன். கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நம்பரைக் கடைசி வரை வாய்விட்டுப் படித்தேன். "நல்லாத்தானே தெரியுது" என்றேன்.

என் நம்பர் எனக்கு மனப்பாடம். அதனால் என் கண்ணுக்கு நாலு தெரிந்தது.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் அட்டையை நீட்டிய அந்த நொடியே எனக்கு இது புரிந்துவிட்டது. நீ வருவதற்கு முன்பே. புரிந்துதான் அத்தனை பேர் நடுவில் உன் பெயரைச் சொன்னேன். யாராவது முந்திக்கொண்டு, "நகல் எடுத்தது யாரு?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதற்கப்புறம் நீ கூப்பிடும்போதெல்லாம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோபத்தில் எடுக்கவில்லை என்றுதானே நினைத்தாய். கோபம் இல்லை.

நீ செய்த பெரிய அட்டை இன்னும் இருக்கிறது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதில் இரண்டு நாலும் ஜம்மென்று நிற்கின்றன.

இப்போது நீ என்னைக் கேட்கலாம்.

அண்ணன்


ஜூன் 1

அண்ணா,

கேட்க ஒன்றும் இல்லை. சொல்ல ஒன்று இருக்கிறது.

உன் அட்டை வந்ததும் உறையைப் பிரித்து, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இது என் தொழில். ஒரு கோட்டில் மயிரிழை குறைந்தாலும் பிடித்துவிடுவேன் என்று பெயர் வாங்கியவள். உன் நம்பரை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். நாலு, நாலு என்றே படித்தேன். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் அங்கே நாலே இல்லை என்று தெரிந்தது. எனக்கும் உன் நம்பர் மனப்பாடம்.

அதைப் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்து, "படி" என்றேன். ஒன்று, ஒன்று என்று ஒரு தடங்கலும் இல்லாமல் படித்தாள். உன்னையோ என்னையோ அறியாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டிய அட்டை அது. நம் இருவருக்கும் அது தோன்றவில்லை. அப்பா நம் கையில் கிடைத்தால் அட்டையே தேவையில்லையே.

அப்புறம், நீ சொல்லாமல் விட்டதை நானே சொல்கிறேன். நீ சட்டைப்பைக்கு என்று கேட்டாய். உன் வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது. பை அளவுக்குச் செய்தால் என் எழுத்து தாங்காது என்று எனக்குத் தெரியும். எழுத்தை மாற்றவில்லை, அட்டையைப் பெரிதாக்கினேன். நீ சுருக்கியது நான் அனுப்பிய பிழையை. "நகல் எடுத்தது யாரு?" என்று இனி யாராவது கேட்டால், பைக்குப் பொருந்தாத அட்டையைச் செய்தது யார் என்று திருப்பிக் கேள்.

எழுத்தை நிறுத்த முடியவில்லை. என்னுடையது அல்ல, கம்பெனியுடையது. போன வாரம் ஆபீஸ் எதிரே ஒரு நாடகத்துக்கு விளம்பரம் வைத்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு ஆள் உயரம். பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணா. அதுதான் தாங்க முடியவில்லை. அதில் ஒரு தேதி இருக்கிறது, தேதியில் ஒரு நாலு. நான் மறுபக்க நடைபாதையில் போகிறேன்.

இப்போது சாயங்காலங்களில் அதற்கு ஒரு சின்னத் தங்கை வரைகிறேன். பார்க்க லட்சணமாக இருக்காது. கோடெல்லாம் கொஞ்சம் குண்டு, நாலின் ஒல்லிக்கால்களும் உருளைக்கட்டை மாதிரி. மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், சட்டைப்பை அட்டை, எதிலும் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஜெராக்ஸில் கால்வாசியாகச் சுருக்கி, உறை போட்டு, தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். டீ கொண்டுவருபவர், "எத்தனை தடவைம்மா இதே நம்பர்?" என்று அலுத்துக்கொள்கிறார். உன் நம்பர்தான்.

அப்பா ஏன் படியேறினார் என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

தங்கச்சி


ஜூன் 24

வாலு,

அப்பாவைப் புதைத்த இடத்தில் கல் வைக்க வேண்டும். கல் வெட்டுகிறவர், "மெல்லிசு கோடெல்லாம் வேணாம், ரெண்டு மழையில மண்ணு அடைச்சுக்கும்" என்கிறார். அவர் போன நாள், பிப்ரவரி 4 என்று வர வேண்டும். அந்த நாலை நீ வரைந்து அனுப்பு. குண்டுக்கால் நாலு. அவர் பெயரையும் நீயே வரை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள், அலமாரி முன்னால் நின்று பெரிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, ஃபோனை எடுத்து, இரண்டு நாலுக்கும் பதிலாக ஒன்று போட்டுக் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று யோசிக்கக்கூட இல்லை. ஒரு வயதானவர் எடுத்தார். குரல் நடுங்குகிறது. பிப்ரவரி இரண்டாம் தேதி ஒரு பெண் உங்களைக் கூப்பிட்டாளா என்று கேட்டேன்.

"ஆமாம்ப்பா, நாலு தடவை கூப்பிட்டுச்சு. பாவம், அதுவும் என்னதான் பண்ணும்? கடைசி தடவை, 'தாத்தா, இவரே பேசறாராம், தெரிஞ்சவரான்னு பாருங்க'ன்னு ஃபோனை அவர்கிட்ட குடுத்துடுச்சு" என்றார்.

அன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொல்ல வந்தது இதைத்தான்.

அப்பா என்ன பேசினார் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எடுத்ததும், 'எந்த மாடி?'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. நான் இருக்கறது மூணாவது மாடி. அதைச் சொன்னேன். 'உள்ள எத்தனை பேர்?'ன்னார். நான் மட்டும்தான்ப்பா, பொண்டாட்டி போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சுன்னேன். உடனே குரல் மாறிப் போச்சு. 'பயப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. காத்து வரும், மூச்சு முட்டாது. சும்மா உட்கார்ந்துக்குங்க. நான் படியில வந்துக்கிட்டே இருக்கேன்'ன்னார். அப்புறம் லைன் கட் ஆயிடுச்சு."

லிஃப்ட்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அப்பா படியில்தான் போவார். உனக்குத் தெரியுமே. சின்ன வயதில் நீயும் நானும் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம்.

பெரியவர் மேலும் சொன்னார்: "யாரோ எவரோ, தெரியாது. ஆனா அன்னைக்கு அவர் சொன்னதுக்கு அப்புறம் நான் கொஞ்ச நேரம் நாற்காலியில உட்கார்ந்தே இருந்தேன்ப்பா. வந்துடுவாரோன்னு. பைத்தியக்காரத்தனம்தான்." பிறகு கேட்டார், "ஏம்ப்பா, அவர் நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்தாரா?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். அவர் சொன்ன மாடி எண்தான் அப்பாவைப் படியேற்றியது. அது அவருக்குத் தெரியாது. எண்பது வயது இருக்கும். தனியாள்.

"சேர்ந்துட்டார் தாத்தா. அன்னைக்கே சேர்ந்துட்டார்" என்றேன்.

அண்ணன்